வெயில் ஊரில் பிரெட்டை எங்கே வைப்பது?

'கடலூரில் இருக்கிறோம். பிரெட் வாங்கி மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. மாமியார் எவர்சில்வர் டப்பாவில் வை என்கிறார், கணவர் ஃபிரிட்ஜ்தான் என்கிறார். யார் சொல்வது சரி?' என்று கேட்டிருக்கிறீர்கள். டப்பாவா ஃபிரிட்ஜா என்று கேட்டிருந்தாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்பது ஒன்று. இறுகிப் போகாமல் இருக்க என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றை வளர்த்துவிடும். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். அதனால் உங்கள் மாமியார் சொல்வதும் பாதி சரி, கணவர் சொல்வதும் பாதி சரி.

நான் தூத்துக்குடியில் 22 வருஷமாக பேக்கரி வேலையில் இருக்கிறேன். நடுவில் ஒரு வருஷம் பேக்கரி படிப்பும் படித்தேன். படித்ததில் பாதியை வெயில்தான் புரியவைத்தது. இங்கே சொல்வதில் எது உறுதியானது, எது வீட்டுக்கு வீடு மாறும் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் இறுகிப் போவது. பிரெட் காய்ந்துபோவதால்தான் இறுகுகிறது என்று நினைக்கிறோம். காய்வதும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. காலையில் செய்த இட்லியை மூடிபோட்டு ஃபிரிட்ஜில் வைத்து ராத்திரி எடுத்துப் பாருங்கள். ஈரம் எங்கும் போகவில்லை, ஆனாலும் இட்லி விறைத்திருக்கும். அதையே இட்லிப் பானையில் இரண்டு நிமிஷம் வைத்தால் மறுபடி பூப்போல ஆகிவிடும். சோறும் அப்படித்தான். மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து நெகிழ்கிறது, ஆறியதும் அதன் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடுக்காக இறுகுகின்றன. அரிசியில் நடப்பதேதான் மைதாவிலும் நடக்கிறது.

இதை 1852-லேயே பூசேங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செய்து காட்டிவிட்டார். ஈரம் வெளியே போக வழியில்லாமல் ரொட்டியை மூடி வைத்தார். அப்படியும் அது இறுகியது. பிறகு அதைச் சூடாக்கினார், மறுபடி மிருதுவானது. பின்னர் காட்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி, 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருந்தால் ரொட்டி இறுகுவதில்லை என்றும், உறையவைத்தாலும் இறுகுவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது என்றும் கண்டார். நடுவில் இருக்கிற குளிர்தான் மோசம். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது உங்கள் ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்கிற அந்த 3, 4, 5 டிகிரியில்தான் பிரெட் மிக வேகமாக இறுகும். வெளியே இரண்டு மூன்று நாளில் வருகிற இறுக்கம் ஃபிரிட்ஜில் ஒரே நாளில் வந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. படிப்பிலும் உண்டு, கையாலும் தினம் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இதையே திருப்பிப் பாருங்கள், நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 35 டிகிரி வெயில் பிரெட்டைச் சீக்கிரம் இறுகவிடாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருக்கிறவர்களின் பிரெட்டைவிட நம் பிரெட் கூடுதல் நேரம் மிருதுவாக இருக்கும். நம் ஊரில் பெரிய எதிரி பூசணம்தான். வெளியே வைத்தால் மிருது இருக்கும், பூசணம் வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் தள்ளிப்போகும், மிருது போகும். ஃப்ரீசரில் வைத்தால் இரண்டுமே நிற்கும். என் பதிலின் சாரம் இவ்வளவுதான். ஆனால் செய்கிற விதத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பூசணம் எங்கிருந்து வருகிறது? அடுப்பிலிருந்து வெளியே வருகிற பிரெட்டில் உயிருள்ள பூசண வித்து இருக்காது. உள்பாகம் 95 டிகிரிக்கு மேல் போய்விடுவதால் எல்லாம் செத்துவிடும். அதற்கப்புறம் தொடுகிற கை, ஆறவைக்கிற மேசை, அறுக்கிற பிளேடு, மின்விசிறிக் காற்று, போடுகிற கவர், இவற்றிலிருந்துதான் மறுபடி ஏறுகிறது. எங்கள் பேக்கரியில் ஸ்லைஸ் மெஷினை ராத்திரி கழற்றிப் பார்த்தால் பிளேடுகளுக்கு இடையில் பழைய துகள்கள் பஞ்சு போல அடைந்திருக்கும். அதைத் தினமும் துடைக்காமல் விட்டால், காலையில் முதலில் அறுக்கிற பத்து இருபது பிரெட்டில் நாமே வித்து விதைத்த மாதிரி. அதனால்தான் ஸ்லைஸ் போட்ட பிரெட்டைவிட முழு பிரெட் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். அறுத்த முகம் குறைவு, பிளேடு பட்ட இடமும் குறைவு. வீட்டில் நல்ல ரம்பக் கத்தி இருந்தால் அறுக்காத பிரெட்டாகக் கேட்டு வாங்குங்கள். வேண்டிய அளவு மட்டும் அறுத்துக்கொண்டு, வெட்டிய முகத்தின் மேல் ஓரத் துண்டை மூடி மாதிரி வைத்துக் கவரைக் கட்டுங்கள்.

அடுத்து, சூடு ஆறாத பிரெட். சாயங்காலம் பேக்கரிக்குப் போய், கதகதவென்று இருக்கிற பிரெட்டை ஆசையாக வாங்கிவந்து, கவரை இறுக்கிக் கட்டி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் கவரின் உள்பக்கம் வேர்த்து, முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும். அந்தத் தண்ணீர் பிரெட்டின் மேல்தோலில் இறங்கும். பூசணத்துக்கு அதுபோதும். 400 கிராம் பிரெட் முழுதாக ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும், ஏனென்றால் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும். சூடாக வாங்கினால் தவறில்லை. வீட்டுக்கு வந்ததும் கவரிலிருந்து எடுத்து, மேலும் கீழும் காற்றுப் போகிற மாதிரி ஒரு கம்பித் தட்டில் வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, அடிப்பாகம் தொட்டால் சூடே தெரியாத வரை ஆறவிடுங்கள். பிறகு காய்ந்த கவரில் போடுங்கள். வேர்த்த கவரையே மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

வெயில் ஊர் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, வெயிலிலும் இரண்டு வகை இருக்கிறது. கரூர், வேலூர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் வறண்ட வெயில். அங்கே திறந்து வைத்த பிரெட் மதியத்துக்குள் ஓரம் காய்ந்து வரட்டி மாதிரி ஆகும், பூசணம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். கடலூர், சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் புழுக்கம். அங்கே பிரெட்டின் தோல் தோல்செருப்பு மாதிரி வழவழவென்று நமுத்துப்போகும், பூசணம் சீக்கிரம் வரும். எங்கள் ஊரில் இரண்டையும் பார்க்கலாம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று புழுதியோடு அடிக்கும், அப்போது விற்காத பிரெட் கடைகளிலிருந்து காய்ந்துதான் திரும்பி வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூசணம் பிடித்துத் திரும்பி வரும். கத்திரி வெயிலைவிட மழைக்காலத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வெயிலும் ஈரமும் சேர்ந்த நாட்கள்தான் மிக மோசம், உங்கள் ஊருக்கு அது நிறையவே உண்டு.

வெளிநாட்டு வீடியோக்களில் காகிதப் பையில் வை, துணிப் பையில் வை, மரப்பெட்டியில் வை என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தடித்த ஓடு உள்ள ரொட்டிக்கு, காற்றில் ஈரம் குறைந்த குளிர் ஊருக்கு. ஓடு மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்பது அங்கே முக்கியம். நம் பால் பிரெட்டுக்கும் பன்னுக்கும் அந்த ஓடே கிடையாது. பாண்டிச்சேரியில் கிடைக்கிற நீள பிரெஞ்சு ரொட்டியைக்கூட அந்த ஊர்ப் புழுக்கத்தில் காகிதத்தில் சுற்றிவைத்தால் ராத்திரிக்குள் ஓடு நமுத்துவிடும். அதை வாங்கிய அன்றே தின்றுவிடுவதுதான் முறை.

இனி வெளியே வைக்கிற விதம். உங்கள் மாமியார் சொல்கிற எவர்சில்வர் டப்பா நல்ல டப்பாதான், ஆனால் கவர் இல்லாமல் நேரடியாகப் போட்டால் பிரெட் காய்ந்தும் போகும், டப்பாவில் இருக்கிற பழைய துகள் வித்தும் ஏறும். கவரிலேயே வைத்து, உள்காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி அடியில் மடித்து, அந்தக் கவரை டப்பாவுக்குள் வையுங்கள். கவர் ஈரத்தைக் காக்கும், டப்பா எறும்பையும் வெளிச்சத்தையும் தடுக்கும். வாரம் ஒருமுறை துகள்களைத் தட்டி, கழுவி, வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்க்காமல் காயவையுங்கள். பூசணம் பிடித்த பிரெட் அதற்குள் இருந்திருந்தால், வினிகர் கலந்த வெந்நீரில் கழுவாமல் புதிய பிரெட்டை வைக்காதீர்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். ஃபிரிட்ஜுக்கு வெளியே, அதன் தலைமேல் இருக்கிற இடம்தான் எல்லார் வீட்டிலும் பிரெட்டுக்கு ஒதுக்கின இடமாக இருக்கிறது. பின்பக்கச் சூடு எல்லாம் அங்கேதான் ஏறும். அடுப்பு மேடை, ஜன்னலோரம், குக்கர் ஆவி அடிக்கிற அலமாரி, இவையும் ஆகாது. தண்ணீர்ப் பானை பக்கம் குளுகுளுவென்று இருக்கிறதே என்று சிலர் அங்கே வைப்பார்கள். அந்தக் குளிர்ச்சி ஈரத்தால் வருவது, பூசணத்துக்கு அதைவிடச் சுகமான இடம் வீட்டில் இல்லை. வெயில் படாத சுவரோரம், தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற கீழ் அலமாரி நல்லது. எடுக்கும்போது கை காய்ந்திருக்க வேண்டும். அரிசி களைந்த கையோடு நாலு துண்டு எடுத்துவிட்டு, இரண்டு போதும் என்று மிச்சத்தை உள்ளே தள்ளுகிற பழக்கத்தால் கெட்டுப்போன பிரெட்தான் அதிகம்.

இவ்வளவு செய்தால் எத்தனை நாள் தாங்கும்? கெடாமல் வைக்கிற பொருள் எதுவும் சேர்க்காத பேக்கரி பிரெட் என்றால், கடலோரப் புழுக்கத்தில் இரண்டு நாளை நம்பலாம். மூன்றாம் நாள் அதிர்ஷ்டம். வீட்டில் செய்ததற்கு ஒன்றரை நாள்தான் கணக்கு. இது என் அனுபவக் கணக்கு, உங்கள் சமையலறையின் காற்றோட்டத்தைப் பொறுத்து அரை நாள் முன்பின் ஆகும். ஆனால் எந்த டப்பாவும் எந்தக் கவரும் இதை ஐந்து நாளாக்காது. அதற்கு ஃப்ரீசர் ஒன்றுதான் வழி.

ஃப்ரீசரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தயக்கம் இருக்கிறது, ஐஸில் வைத்தால் ருசி போய்விடும் என்று. ருசி போவது பெரும்பாலும் வைத்த நேரத்தால். இரண்டு நாள் வெளியே வைத்து, மூன்றாம் நாள் கெட்டுப்போகுமோ என்று பயந்து ஃப்ரீசரில் தள்ளினால், எடுக்கும்போது அந்த மூன்றாம் நாள் பிரெட்தான் கிடைக்கும். ஃப்ரீசர் பழையதைப் புதிதாக்காது, இருக்கிற நிலையில் நிறுத்திவைக்கும். அதனால் வாங்கிய அன்றே, நன்றாக ஆறியதும், இன்றைக்கும் நாளைக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை உள்ளே வைத்துவிடுங்கள்.

எப்படி வைப்பது? ஒரு வேளைக்கு எத்தனை துண்டோ அத்தனையை ஒன்றாகச் சேர்த்து, சின்னக் கவரில் போட்டு, காற்று இல்லாமல் ஒட்டச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரு பெரிய ஜிப் கவருக்குள் போடுங்கள். இரட்டைக் கவர் கட்டாயம். ஏனென்றால் பிரெட் பஞ்சு மாதிரி வாடையை இழுக்கும். அதே ஃப்ரீசரில் மீனோ கறியோ இருந்தால், ஒற்றைக் கவரில் வைத்த பிரெட் இரண்டாம் நாள் நெத்திலி மணக்கும். எங்கள் ஊரில் இதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். துண்டுகளைத் தட்டையாக அடுக்குங்கள். மேலே கனமாக எதையும் வைக்காதீர்கள், உறைவதற்கு முன் நசுங்கினால் பிறகு நிமிராது.

எடுக்கும்போது இரண்டு வழி. டோஸ்ட் வேண்டுமென்றால் ஐஸோடேயே தோசைக்கல்லில் போடுங்கள். முதலில் சிறு தீயில் மூடிபோட்டு ஒரு நிமிஷம், பிறகு மூடியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். உள்ளே மிருதுவும் வெளியே மொறுமொறுப்பும் வரும். வெளியே வைத்த பழைய பிரெட்டில் இது வராது. மிருதுவாக வேண்டுமென்றால் கவரைத் திறக்காமலே வெளியே வையுங்கள். இது முக்கியம். குளிர்ந்த பிரெட்டைப் புழுக்கக் காற்றில் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, காற்றின் ஈரம் பிரெட்டின் மேல் உட்காரும். கவர் மூடியிருந்தால் அந்த வேர்வை கவரின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். துண்டுகள் என்றால் நம் ஊர்ச் சூட்டில் அரை மணி நேரம்கூட வேண்டாம். முழு பிரெட் என்றால் இரண்டு மூன்று மணி நேரம். ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே சின்ன ஐஸ் பெட்டி மட்டும் இருந்தால் அதுவும் போதும், ஆனால் அதில் குளிர் ஒரே சீராக இருக்காது. மைனஸ் 18 டிகிரி உள்ள தனி ஃப்ரீசரில் ஒரு மாதம்வரை தரம் குறையாமல் வைக்கலாம் என்றால், அந்தச் சின்னப் பெட்டியில் பத்து நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு பிரெட்டின் மேல் வெள்ளை ஐஸ் பொடி நிறைய இருந்தால், ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அது டோஸ்ட்டுக்குத்தான் ஆகும்.

உங்கள் கணவர் சொல்கிற ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டு ஒரு இடத்தில் மட்டும் சரி. எப்படியும் டோஸ்ட் போட்டுத்தான் சாப்பிடப் போகிறீர்கள், ஃப்ரீசரில் இடமில்லை, வெளியே வைத்தால் பூசணம் வரும் என்றால், தாராளமாக ஃபிரிட்ஜில் வைக்கலாம். இறுகியது கல்லில் போட்டதும் இளகிவிடும். கிரீம் பன், முட்டையோ காய்கறியோ உள்ளே வைத்த பன், இவை வேறு கணக்கு. அவற்றில் மிருதுவைப் பார்க்கக்கூடாது, உள்ளே இருப்பது கெடாமல் இருக்க ஃபிரிட்ஜ்தான்.

இறுகின பிரெட்டையும் பன்னையும் மீட்கிற வழி இட்லிப் பானை. தட்டில் துணி விரித்து, பன்னை நேரடியாகத் தண்ணீர் சொட்டாத இடத்தில் வைத்து, ஒன்றரை நிமிஷம் போதும். மைக்ரோவேவ் என்றால் ஈரமான காகிதத்தில் சுற்றிப் பத்துப் பதினைந்து வினாடி, அதைத் தாண்டினால் ரப்பராகிவிடும். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். மீட்டதை அப்போதே சாப்பிட வேண்டும். ஆறினால் முன்பைவிட வேகமாக இறுகும், மறுபடி சூடாக்கினால் முதல் தடவை வந்த மிருது வராது.

இறுகுவதும் பூசணமும் போக, வெயில் ஊருக்கென்றே மூன்றாவதாக ஒரு கேடு இருக்கிறது. பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. எங்கள் வேலையில் நூல் விடுதல் என்போம். பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்து மைதாவிலேயே இருக்கும். பூசண வித்து மாதிரி இது அடுப்பில் சாகாது. பிரெட்டின் நடுப்பாகம் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை, அந்தச் சூட்டை இந்த வித்து தாங்கிவிடும். பிரெட் மெதுவாக ஆறி, 35 டிகிரி ஈரச் சூட்டில் கிடந்தால், ஒன்றிரண்டு நாளில் உள்ளுக்குள் வளர ஆரம்பிக்கும். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும், ஒரு மே மாதம். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு டீக்கடைக்காரர் பத்துப் பிரெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, 'அண்ணே, இதுல பழ எசன்ஸ் ஊத்தினீங்களா?' என்று கேட்டார். பிரெட்டை முகர்ந்தால் அழுகின அன்னாசிப்பழ வாடை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாஸ்டர் அதை நடுவில் பிட்டார். பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. இரண்டு பாதியையும் மெதுவாக இழுக்க, நடுவில் சிலந்தி வலை மாதிரி வெள்ளி நூல்கள் நீண்டு வந்தன. ஒரு சாண் தூரம் அறாமல் வந்தது. அன்றைக்கு இருந்த சரக்கு முழுவதையும் குழியில் போட்டோம். மாவு பிசைகிற மெஷின், டின், மேசை, தரை, சுவர் எல்லாவற்றையும் வினிகர் தண்ணீரால் துடைத்தோம். பழைய பிரெட்டை அரைத்துப் புது மாவில் சேர்க்கிற வழக்கம் அங்கே இருந்தது, அன்றோடு அது நின்றது. வித்து வந்த வழியே அதுதான் என்று மாஸ்டர் சொன்னார். நான் இன்றுவரை பழைய பிரெட்டை மாவில் சேர்த்ததில்லை.

வீட்டில் பிரெட் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 500 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் புளிப்பு நாக்கில் தெரியாது, ஆனால் இந்த பாக்டீரியாவுக்குப் பிடிக்காது. நன்றாக வேகவைத்து, சீக்கிரம் ஆறவைத்தால் பாதிக் கவலை தீரும். இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்த ரொட்டிக்கு இந்தக் கேடும் குறைவு, பூசணமும் தாமதம், காரணம் அந்தப் புளிப்புதான். கடையில் வாங்கிய பிரெட்டில் பழவாடையோ பிசுபிசுப்போ இருந்தால் சாப்பிடாதீர்கள், டோஸ்ட் போட்டும் சாப்பிடாதீர்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. பிரெட் கவரில் இரண்டு கிராம்பு போடு, பிரிஞ்சி இலை போடு என்பார்கள். கிராம்பு எண்ணெய்க்குப் பூசணத்தைத் தடுக்கிற குணம் உண்டு, உண்மைதான். ஆனால் எண்ணெயின் வேகம் இரண்டு முழுக் கிராம்பில் இருக்காது. நான் போட்டுப் பார்த்ததில் ஒரு தடவை நன்றாக இருந்தது, அடுத்த தடவை பக்கத்துக் கவரோடு சேர்ந்தே பூசணம் பிடித்தது, பிரெட்டில் மட்டும் பல்வலி மருந்து வாடை. ஆப்பிள் துண்டு வைத்தால் மிருதுவாக இருக்கும் என்பது, ஈரம் ஏறுவதால் கொஞ்சம் உண்மை. அந்த ஈரமே நம் ஊரில் பூசணத்துக்குச் சாப்பாடு, அதனால் வேண்டாம். உப்பையோ அரிசியையோ துணியில் முடிந்து வைப்பது ஈரத்தை இழுக்கும், கூடவே பிரெட்டையும் காயவைக்கும். ரஸ்க் டப்பாவுக்கு அது சரி, பிரெட்டுக்கு இல்லை.

பாக்கெட் பிரெட் ஒரு வாரம் கெடாமல் இருக்கிறதே, அதில் என்ன போடுகிறார்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் கால்சியம் புரோப்பியோனேட். லேபிளில் ஐஎன்எஸ் 282 என்று இருக்கும். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் சேர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அது பூசணத்தையும் நூல் விடுவதையும் தள்ளிப்போடும். இறுகுவதைத் தடுக்காது, அதற்குத் தனியாகக் கொழுப்பு வகைப் பொருட்கள் சேர்க்கிறார்கள். பலர் இதையும் பொட்டாசியம் புரோமேட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். புரோமேட் பிரெட் நன்றாக உப்பி வருவதற்காக மாவில் சேர்த்தது, கெடாமல் வைப்பதற்கல்ல. 2016-இல் இந்தியாவில் அதைத் தடை செய்துவிட்டார்கள். கெடாமல் வைக்கிற பொருள் சேர்த்த பாக்கெட்டையும் திறந்துவிட்டால் நம் வீட்டுக் காற்று படுகிறது, லேபிளில் போட்ட தேதியை அப்புறம் முழுதாக நம்பக்கூடாது.

ஒரு துண்டில் பச்சைப் புள்ளி பார்த்துவிட்டால் என்ன செய்வது? கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பச்சையும் கறுப்பும் பூசணம் முற்றி வித்து விட்ட இடம். அதன் வேர் மாதிரி இழைகள் அதற்கு முன்பே பிரெட்டின் ஓட்டைகள் வழியாக உள்ளே ஓடியிருக்கும். ஸ்லைஸ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் நான் முழுப் பாக்கெட்டையும் எறிந்துவிடுவேன். சில பூசணங்கள் விடுகிற நஞ்சு டோஸ்ட் போட்டாலும் முழுதாக அழியாது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. தெரியாமல் தின்றுவிட்டு வயிறு சரியில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள், அது என் வேலைக்கு அப்பாற்பட்டது. இன்னொன்று, வீணாக்க வேண்டாமே என்று மாட்டுக்கும் தெருநாய்க்கும் போடுகிறோம். பூசணம் பிடித்ததைப் போடாதீர்கள். வாயில்லா ஜீவனுக்கும் அது நஞ்சுதான், நாய்க்கு நடுக்கம்கூட வரும்.

பூசணம் இல்லாமல் இறுகியது மட்டும் என்றால் அதை எறியவே வேண்டாம். விரல் அகலத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில், கைக்கு ஒடிகிற பதம் வரும்வரை புரட்டி எடுத்தால் ரஸ்க். ஈரம் போய்விடுவதால் காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பேக்கரிகள் மிஞ்சின பிரெட்டைக் காத்த வழியே அதுதான்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒரு 400 கிராம் பிரெட் ஐந்து நாள் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய அன்று ஆறு துண்டை கவரோடு மாமியாரின் டப்பாவில் வையுங்கள், இரண்டு நாளைக்கு அது போதும். மீதியை நாலு நாலாகப் பிரித்து அன்றைக்கே ஃப்ரீசரில் வையுங்கள். பையனுக்குப் பள்ளிக்கூட டிஃபனுக்கு சாண்ட்விச் கொடுப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு இளக வைக்கக்கூட வேண்டாம். காலை ஏழு மணிக்கு உறைந்த துண்டிலேயே வெண்ணெயும் ஜாமோ பொடியோ தடவி, இரண்டையும் சேர்த்து டப்பாவில் மூடிக் கொடுங்கள். உறைந்த துண்டில் வெண்ணெய் தடவுவது சுலபம், பிய்யாது. முட்டை, மயோனைஸ், பன்னீர் மாதிரி உள்ளீடு மட்டும் இந்த வெயிலில் வேண்டாம். பத்து மணி இடைவேளைக்குள் பிரெட் இளகியிருக்கும், பன்னிரண்டரை மணிக்குத் திறக்கும்போது அன்றைக்கு வாங்கின பிரெட் மாதிரி இருக்கும்.